எட்டு விமானங்களுக்கு அரைப்பேர்

1. வால்

முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, ஒரு விமானத்தின் வாலைப் பார்ப்பது. திரையில் ஒரு படம். நனைந்த ஓடுபாதை, வெள்ளை விமானம், வாலுக்குக் கீழே சிறிய எழுத்தில் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர். அந்த நம்பரை வைத்து நான்கு பெட்டிகளை நிரப்ப வேண்டும்.

ஒன்று, தொழிற்சாலை சீரியல் நம்பர்.
இரண்டு, சொந்தக்காரர்.
மூன்று, ஓட்டும் நிறுவனம்.
நான்கு, உள்ளே போவது ஆட்களா, சரக்கா.

நான் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். எங்கள் டீம் லீடர் நஸ்ரின் மிஸ் வந்து பார்த்தார். அவர் ருவான்வெல்லைக்காரர். அவருடைய வாப்பாவுக்கு அங்கே கடைவீதியில் புடவைக்கடை.

"நேரம் பரவாயில்ல யோகா. ஆனா சொந்தக்காரர் பெட்டியில நீங்க பெயின்ட்ல ஈக்கிற பேர எழுதீக்கிறீங்க. பெயின்ட் அடிச்சவங்கெல்லாம் சொந்தக்காரர் இல்ல."

பெட்டியை அழித்து மறுபடி தேடினேன். அந்த விமானத்தின் உடலில் ஒன்லைன் கடை ஒன்றின் பெயர் பெரிதாக இருந்தது. சொந்தக்காரர் வேறு நாட்டு லீஸிங் கம்பனி. ஓட்டுபவர் மூன்றாவது ஒரு கம்பனி. பெட்டிகளை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கும் அந்தக் கடைக்கு விமானத்தில் இருந்தது பெயின்ட் மட்டும்தான். இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் விஷயம் அது.

நான் கலவானைக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். விமானப் பராமரிப்பில் டிப்ளோமா முடித்தேன். ஹேங்கரில் வேலை கேட்டு ஏழு இடங்களுக்கு எழுதினேன். இரண்டு இடங்கள் பதில் போட்டன, இரண்டும் இல்லை என்று. பிறகு இந்த வேலை கிடைத்தது. வெளிநாட்டில் வாரம் ஒருமுறை வரும் கார்கோ விமானச் செய்தித்தாள் ஒன்றுக்கு நாங்கள்தான் டேபிள் தயாரிக்கிறோம். உலகத்தில் எந்தச் சரக்கு விமானம் யாரிடம் இருக்கிறது, எது ஓடரில் இருக்கிறது, எது பாலைவனத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது, எல்லாம் அந்த டேபிளில் இருக்கும். இரத்தினபுரி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், மூன்று பேர். முதலாம் மாடி வாடகை குறைவு. ஆனால் ஆறு பெருகும் ஊரில் கொம்பியூட்டர் வைத்திருப்பவர்கள் முதலாம் மாடியை எடுப்பதில்லை.

தோட்டத்தில் இந்த வேலையைப் புரியவைக்க நான் பட்ட பாடு தனி. பக்கத்து லயத்து வீட்டு முத்தையா மாமா ஒருநாள் அப்பாவிடம் கேட்டார்.

"ஒம் மக ப்ளேன் விக்குதாமே?"

"விக்கலப்பா, எண்ணுது."

"எண்ணுறதுக்குச் சம்பளமா? அப்ப நான் தெனம் எங்க வீட்டுக் கோழிய எண்ணுறேனே, எனக்கு யாரு குடுக்குறா?"

 

2. அரைப்பேர் வந்த விதம்

மூன்றாவது ஆள் தர்ஷினி. கொடகவெலப் பக்கம் ஒரு தோட்டத்து ஒபீஸில் செக்ரோல் எழுதிக்கொண்டிருந்தவள். செக்ரோல் என்றால் தோட்டத்தின் ஆள்வரவுப் புத்தகம். அந்த வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தாள். அந்த இடத்துக்கு அடுத்த வாரமே வேறொருவரைப் போட்டுவிட்டார்கள், திரும்பிப் போக வழியில்லை.

எங்கள் டேபிளில் ஆரம்பத்திலிருந்தே ஒரு தொல்லை இருந்தது. கையெழுத்தான ஓடர் என்றால் 1 என்று போடலாம். ஒன்றுமில்லை என்றால் 0. ஆனால் நடுவில் நிற்பவை ஏராளம். வாங்கினாலும் வாங்கலாம் என்று இடம்பிடித்து வைக்கும் ஒப்ஷன், விமானப் பதிவகத்தில் முன்கூட்டியே எடுத்துவைத்த ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர், நம்பகமான ஒருவர் சொன்ன தகவல். இவற்றை எந்தப் பெட்டியில் போடுவது?

தர்ஷினிதான் சொன்னாள்.

"அரப்பேரு போட்டுருவோங்க அக்கா."

நஸ்ரின் மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். எடுத்த கொழுந்தின் நிறை குறைந்தாலோ பாதி நாளில் போனாலோ அரைப்பேர். ஆள் வந்தது உண்மை, வேலை முழுமை இல்லை. எங்கள் ஒப்ஷன்களும் அப்படித்தானே?

½ என்ற குறி அன்றே டேபிளுக்குள் வந்தது. செய்தித்தாளின் எடிட்டருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. மற்றச் செய்தித்தாள்கள் "பேச்சுவார்த்தை நடப்பதாகத் தெரிகிறது" என்று எழுதும் இடத்தில் எங்களுடையதில் ஒரு சின்னப் பாதி நிற்கும். வாசகர்கள் அதைப் பழகிக்கொண்டார்கள். தேயிலைத் தோட்டத்துக் குறி ஒன்றை, விமானம் வாங்கி விற்பவர்கள் தங்கள் கூட்டங்களில் பேசுகிறார்கள் என்று எடிட்டர் ஒருமுறை சொன்னார். அன்று நானும் தர்ஷினியும் கீழே போய் ஆளுக்கொரு பலூடா குடித்தோம்.

கூட்டல் போர்மியுலாவை எழுதியவள் நான். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

3. எட்டு

ஒன்லைன் கடைகள் விமானம் வாங்கப் போகின்றன என்ற வதந்தி இந்தத் தொழிலில் மழை மாதிரி. வராத மாதம் இல்லை. பெரும்பாலும் அவை வாங்குவதில்லை. லீஸுக்கு எடுக்கும். அல்லது பழைய பயணிகள் விமானங்களின் ஆசனங்களைக் கழற்றி, பக்கவாட்டில் பெரிய கதவு வெட்டி, சரக்கு விமானமாக மாற்றி ஓட்டும். அந்த மாற்று வேலைக்குக் கன்வர்ஷன் என்று பெயர். அதை நம்பி வாழும் ஹேங்கர்கள் பல நாடுகளில் இருக்கின்றன. ஒரு பெரிய கடை திடீரென்று புத்தம்புதிய சரக்கு விமானங்களுக்கு ஓடர் கொடுத்தால், அந்த ஹேங்கர்களுக்கு வேலை குறையும். ஆகவே வதந்தி வந்தாலே அங்கே ஆட்கள் தூங்கமாட்டார்கள்.

எங்களுக்கும் அந்த நேரம் தூக்கம் குறைவுதான். எங்கள் மூவரின் இரத்தினபுரி டெஸ்க்கைத் தொடர்ந்து வைத்திருப்பதா, இல்லை வேறொரு நாட்டில் இருக்கும் பெரிய ஒபீஸுக்கு வேலையைக் கொடுப்பதா என்று மூன்று மாதத்தில் முடிவெடுப்பதாகச் செய்தித்தாள்காரர்கள் எழுதியிருந்தார்கள். நஸ்ரின் மிஸ் அந்தக் கடிதத்தை எங்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினார்.

"பெரிய நியூஸ் ஒண்டு நம்மட டேபிள்லேந்து போகோணும். அப்பதான் இவங்கள அசைக்கேலாது."

டெஸ்க் போனால் எனக்குக் கொழும்பில் ஏதாவது ஒரு கோல் சென்டர். தர்ஷினிக்கு அதுவும் இல்லை.

அந்த நிலையில்தான் உலகத்தின் மிகப் பெரிய ஒன்லைன் கடைகளில் ஒன்று புதிய பெரிய சரக்கு விமானங்களை ஓடர் பண்ணியிருக்கிறது என்ற பேச்சு கிளம்பியது. திங்கட்கிழமை, ஒரு பதிவகத்தில் வரிசையாக எட்டு ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்கள் எடுத்துவைக்கப்பட்டிருப்பதைத் தர்ஷினி கண்டாள். விமானப் படம் பிடிப்பவர்கள் கூடும் ஓர் இணையக் களத்தில், அவை அந்தக் கடைக்குத்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார். எட்டு வரி, எட்டு அரைப்பேர். புதன்கிழமை, விமானத் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையில் பெயர் சொல்லப்படாத வாடிக்கையாளருக்கு எட்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பதை நான் கண்டேன். அவையும் அதே கடைக்குத்தான் என்று தொழில் எழுத்தாளர் ஒருவர் தன் வலைப்பக்கத்தில் எழுதியிருந்தார். அதே எட்டு வரியில் இன்னொரு எட்டு அரைப்பேர்.

வியாழன் பகல் இரண்டு மணிக்கு டேபிள் தானாகக் கூட்டிக்கொண்டது. உறுதியான ஓடர்: 8.

நான் அதை எடிட்டருக்கு முன்னோட்டமாக அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவர் அழைத்தார். முதல் பக்கம் என்றார். நம்மிடம் மட்டும்தான் நம்பர் இருக்கிறது என்றார். எங்கள் நேரப்படி ஐந்தரைக்குச் செய்தித்தாள் வெளியாகும். தர்ஷினி மேசையில் இரண்டு கையாலும் தாளம் போட்டாள். நான் சிரித்துக்கொண்டே போனை வைத்தேன்.

4. ஒரு கேள்வி

டேபிள் வெளியே போகும் முன் நஸ்ரின் மிஸ் கையெழுத்து வைக்க வேண்டும். மூன்று மணிக்கு லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார். எட்டு வரிகளையும் பார்த்தார். ஒரு வரியை மறுபடி பார்த்தார்.

"யோகா, இது திங்கக்கிழம அரை தானே?"

"ஆமாங்க மிஸ்."

"இண்டைக்கு எப்படி ஒண்டாச்சு?"

"புதன்கிழமை இன்னொரு அரை வந்துச்சுங்க. ரெண்டும் சேந்து ஒரு பேர்."

"ஏன் சேருது?"

நான் தர்ஷினியைப் பார்த்தேன். தர்ஷினி என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்தது.

"அது அப்படித்தாங்க மிஸ்," என்றாள் தர்ஷினி. "காலையில பால் வெட்டுல அரப்பேரு, அந்திக்குப் புல்லு வெட்டுல அரப்பேருன்னா, செக்ரோல்ல ஒரு பேரு விழும். இல்லாட்டி ஆளுங்க சும்மா விடுவாங்களா? ஒபீஸ் வாசல்ல வந்து நிப்பாங்க."

"சரி, அது தோட்டம். அங்க அந்தப் புள்ள ரெண்டு வேலயும் செஞ்சீக்கி. இங்க யாரு என்ன செஞ்ச? ஒருத்தன் வாங்கலாம் எண்டான், இன்னொருத்தனும் வாங்கலாம் எண்டான். ரெண்டு 'லாம்' சேந்தா வாங்கிட்டான் எண்டு வருமா?"

 கீழே ஹார்ட்வெயார் கடையில் கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பிழையை வேறு எந்த ஊரில் செய்திருப்பார்கள் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். கொழும்பில் ஓர் ஒபீஸ் என்றால் செய்திருக்கமாட்டார்கள். அரையும் அரையும் சேர்ந்தால் முழுப்பேர் என்பது எனக்குக் கேள்வி கேட்கத் தோன்றாத விஷயம். வீட்டில் தினமும் கேட்டு வளர்ந்தது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு போர்மியுலாவில் எழுதினேன். தர்ஷினி கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தாள், அவளுக்கும் சரியாகவே பட்டது. கடைவீதியில் வளர்ந்த ஒருவருக்குத்தான் அது உறுத்தியது.

செக்ரோலில் அரை என்பது செய்த வேலையின் அளவு. அதைக் கூட்டலாம். எங்கள் டேபிளில் அரை என்பது தெரியாததன் அடையாளம். அதைக் கூட்டினால் தெரிந்ததாகாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு அரையும் எங்கிருந்து வந்தவை? மூன்று பேரும் பிரித்துக்கொண்டு தேடினோம். நான்கு மணிக்கு என் தாளில் இருந்தவை:

1. ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்களை எடுத்துவைத்தது, பிறர் சார்பில் விமானங்களைப் பதிவு செய்யும் ஒரு டிரஸ்ட். எந்தப் பத்திரத்திலும் கடையின் பெயர் இல்லை.
2. கடையின் பெயரை முதலில் சொன்னவர் இணையக் களத்தில் எழுதியவர். காரணம் சொல்லவில்லை.
3. தொழிற்சாலையின் எட்டு இடங்கள் உண்மை. வாடிக்கையாளர் பெயர் இல்லை.
4. வலைப்பக்க எழுத்தாளர் கடையின் பெயரைச் சொல்ல வைத்திருந்த ஒரே ஆதாரம், இணையக் களத்தில் எழுதியவரின் அதே குறிப்பு.

தர்ஷினி நாலாவது வரியை இரண்டு தடவை வாசித்தாள்.

"அக்கா, ஒரே கூடைய ரெண்டு தராசுல நிறுத்திருக்கோம்."

5. பெட்டி இல்லாத ஊகம்

எடிட்டரை அழைக்க வேண்டும். நஸ்ரின் மிஸ், தானே பேசுவதாகச் சொன்னார். போர்மியுலா என்னுடையது, அதனால் நானே பேசுகிறேன் என்றேன்.   தாளை முன்னால் வைத்துக்கொண்டேன்.

அவர் பேசியது இங்கிலிஷில். தமிழில் எழுதுகிறேன்.

"எட்டும் உறுதி இல்லை சேர். எட்டும் அரைதான். கூட்டியது என் பிழை."



"முதல் பக்கம் தயாராகிவிட்டது, யோகா."

"தெரியும் சேர்."

"இன்னொரு செய்தித்தாள் இன்று மாலை இதையே போடப்போகிறது. அவர்களிடமும் எட்டு என்றுதான் இருக்கிறது."

"அவர்களும் அதே குறிப்பைத்தான் பார்த்திருப்பார்கள். மூன்றாவது தராசு."

அவருக்கு அது விளங்கியிருக்காது. நான்கு வரிகளையும் வாசித்தேன். அவர் குரல் உயர்ந்தது.

"சரி, பத்திரம் இல்லை. எனக்குப் பத்திரம் வேண்டாம். ஓடர் இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்."

"தெரியாது."

"உங்கள் ஊகம்?"

"என் ஊகத்துக்கு டேபிளில் பெட்டி இல்லை சேர்."

பக்கத்தில் தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். நஸ்ரின் மிஸ் போனைத் தன் பக்கம் இழுத்து, அமைதியாகச் சொன்னார்: "எட்டு உறுதி என்று போனால் அதில் என் கையெழுத்து இருக்காது. எங்கள் டெஸ்க் பெயரையும் எடுத்துவிடுங்கள்."

டெஸ்க் இருக்குமா இல்லையா என்று முடிவெடுக்கப் போகிறவரிடம்தான் அவர் அதைச் சொன்னார்.

ஐந்தரைக்குச் செய்தித்தாள் வந்தது. முதல் பக்கத்தில் வேறேதோ ஒரு விமான நிலையத்தின் படம். நான்காம் பக்கத்தில் எங்களுடையது, நான் வாசித்த நான்கு வரிகளும் ஏறத்தாழ அப்படியே. கீழே எட்டு பாதிகள். மற்றச் செய்தித்தாள் கொட்டை எழுத்தில் எட்டு விமானங்களையும் கொடுத்திருந்தது. எதிர்காலத்தில் அவை எப்படியிருக்கும் என்று ஒரு ஓவியம்கூடப் போட்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது.

6. அடுத்த வாரங்கள்

அடுத்த நாட்கள் நன்றாக இருக்கவில்லை. இவ்வளவு பெரிய செய்தியை எப்படித் தவறவிட்டீர்கள் என்று வாசகர்கள் எழுதினார்கள். எடிட்டர் அவற்றை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் எங்களுக்கு அனுப்பிவைத்தார். தர்ஷினி மத்தியானச் சோற்றைப் பாதியில் மூடத் தொடங்கினாள். ஒருநாள் நான் கேட்காமலே சொன்னாள்.

"அக்கா, நாம செஞ்சது சரிதான். ஆனா சரியா செஞ்சவங்களயும் வீட்டுக்கு அனுப்புவாங்க. நான் பாத்திருக்கேன்."

கலவானை பஸ்ஸின் கொண்டக்டருக்கு என் வேலை பற்றித் தெரியும். டிக்கட் தரும்போது தினமும் சிங்களத்தில் ஒரே கேள்வி: "அத ப்ளேன் கீயத நங்கி?" இன்றைக்கு எத்தனை விமானம், தங்கச்சி?

அந்த வாரம் ஒருநாள், "அட்டய், ஒக்கொம பாகய்," என்றேன். எட்டு, எல்லாம் பாதி.

அவர் டிக்கட் மெஷினை நிறுத்தினார். "பாகயக் கொஹொமத பியாம்பன்னே?" பாதி எப்படிப் பறக்கும்?

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

ஐந்தாவது வாரம் தொழிற்சாலை வாய் திறந்தது. எட்டு இடங்களில் நான்கு, வேறொரு கண்டத்தில் இருக்கும் பழைய சரக்கு விமானக் கம்பனிக்கு. ஒன்லைன் கடை தனியாக ஓர் அறிவிப்பு விட்டது. பழைய பயணிகள் விமானங்களை லீஸுக்கு எடுத்து கன்வர்ஷன் செய்யப்போகிறார்களாம். புதிய ஓடர் பற்றி ஒரு சொல் இல்லை. மற்றச் செய்தித்தாள் உள்பக்கத்தில் ஒரு சிறிய திருத்தம் போட்டது. ஓவியத்தைத் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு வந்த கடிதம் ஒன்றை நஸ்ரின் மிஸ் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினார். எழுதியவர் ஒரு சிறிய கன்வர்ஷன் ஹேங்கரை நடத்துபவர். எட்டுப் புதிய விமானங்கள் என்ற செய்தி வந்த அன்று, தன் இரண்டாவது ஷிப்டை நிறுத்த முடிவெடுத்திருந்தாராம். நிறுத்துவதற்கு முன் எங்கள் நான்காம் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். எட்டும் பாதியாக இருந்ததால் பொறுத்திருக்கிறார். இப்போது அதே கடையின் விமானங்களுக்குக் கதவு வெட்டும் வேலை அவருடைய ஹேங்கருக்கே வருகிறது. இரண்டாவது ஷிப்டில் வேலை செய்பவர்கள் சார்பில் நன்றி என்று முடித்திருந்தார்.

எனக்கு வேலை தராத ஹேங்கர்கள் உலகில் பல உண்டு. ஒரு ஹேங்கரில் ஒரு ஷிப்டே என் டேபிளால் வேலையில் இருக்கிறது. இதை நான் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

மூன்று மாதம் முடிந்த அன்று எடிட்டர் அழைத்தார். டெஸ்க் இரத்தினபுரியிலேயே இருக்கும், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, "அடுத்த தடவையும் நான் கோபப்படுவேன். அப்போதும் தெரியாது என்று சொல்வீர்களா?" என்று கேட்டார்.

"தெரியாவிட்டால் சொல்வேன் சேர்."

சேர்ந்த இருவரில் ஒருத்தி இறக்குவானைத் தோட்டம், இன்னொருத்தி இரத்தினபுரி டவுன். ஒருவருக்கு உறுத்தாதது மற்றவருக்கு உறுத்த வேண்டும் என்று நஸ்ரின் மிஸ் யோசித்து எடுத்தார். போர்மியுலாவை நான் மாற்றிவிட்டேன். அரைகள் இனிக் கூடமாட்டா. டேபிளில் புதிதாக ஒரு பெட்டியும் சேர்த்தோம்: இதை முதலில் சொன்னவர் யார்? ஒரே செய்தியை இருபது பேர் சொன்னாலும் அந்தப் பெட்டியில் பெரும்பாலும் ஒரே பெயர்தான் வருகிறது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

அந்த எட்டில் நான்கு வரிகளுக்கு முழுப்பேர் விழுந்துவிட்டது, வேறு கம்பனியின் பெயரில். மீதி நான்கு யாருக்கு என்று இதை எழுதும் வரை யாரும் சொல்லவில்லை. வதந்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன, போன வாரமும் இரண்டு வந்தன. திங்கட்கிழமைகளில் நான் முதலில் திறப்பது அந்த நான்கு வரிகளைத்தான். நான்கும் அரையில் நிற்கின்றன. நிற்கட்டும்.